சத்தம் வராத ஜன்னல் போட்டேன்

ஜன்னல் வேலைக்குக் கூப்பிடுற எல்லாருக்குமே காத்து வேணும், தூசி வரக்கூடாது. வெளிச்சம் வேணும், வெயில் அடிக்கக்கூடாது. மழைக்கு ஊதிப்போன மரக்கதவோட மல்லுக்கட்டின நீங்களும் இப்படிக் கேட்டிருப்பீங்க. தொண்ணூறுகள்ல தாம்பரம் பக்கம் அலுமினியம் வந்து தச்சுவேலைக்காரங்க எங்க பொழப்பையே புரட்டிப்போட்ட நேரம். ஒரே ஒரு வீட்டு சமாச்சாரம் சொல்றேன்.

மரமா, கண்ணாடியா

சிட்லபாக்கத்துல ரயில் பாதையை ஒட்டின வீடு. அம்மாவும் மகன் ரவியும் மட்டும்தான். ரவிக்குக் கம்பெனியில நைட் ஷிஃப்ட், பகல்லதான் தூக்கம். ட்ரெயின் போகும்போதெல்லாம் பழைய தேக்கு ஜன்னல் கடகடன்னு ஆடும். தூக்கக் கலக்கத்துல ஒரு தடவை மெஷின்ல விரலை நசுக்கிக்கிட்டான். இன்னொரு தடவை கண்ணசந்தா வேலை போயிடும்.

இழைச்சு, கீல் மாத்தினா ஆட்டம் நின்னுடும்னேன். அவனுக்கு அலுமினியத்துல இரட்டைக் கண்ணாடிதான் வேணுமாம். அவங்கம்மா என்னைத் தனியா கூப்பிட்டு, "காத்தில்லாம வெந்து போயிடுவாம்பா, நீயாவது எடுத்துச் சொல்லு"ன்னாங்க.

என் கைவரிசை

சொன்னேன், எடுபடலை. பழசைப் பேத்துட்டு, திறக்கவே முடியாத இரட்டைக் கண்ணாடியை வெச்சேன். அதோட விட்டுத் தொலைச்சிருக்கலாம். பெரிய வேலைக்காரன் இல்லையா நான்! கண்ணாடி இடுக்கை அடைச்சது போக மிச்சமிருந்த ரப்பர் பட்டையை அவன் ரூம் கதவைச் சுத்தியும் சும்மாவே அடிச்சுக் கொடுத்தேன். சமையக்கட்டு ஜன்னல் மட்டும் மரமாவே நின்னுது.

ஒரு வாரம் கழிச்சு மார்க்கெட்ல பார்த்து ரவி என் கையைப் பிடிச்சுக்கிட்டான்: "சூப்பர் அண்ணா! அம்மா மிக்ஸி போட்டாக்கூட தெரியலை."

ரெண்டாம் மாசம்

பகல் பதினொரு மணி. சமையக்கட்டுல அவங்கம்மாவுக்கு நெஞ்சுவலி. மகனைக் கூப்பிட்ட குரல், அந்த மர ஜன்னல் வழியா பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கேட்டிருக்கு. அடுத்த ரூம்ல தூங்கின மகனுக்குக் கேக்கலை. வாசக்கதவு உள்பக்கம் தாழ்ப்பாள். அந்த அக்கா ஓடிவந்து அவன் ஜன்னலைத் தட்டியிருக்காங்க. அப்புறம் ஆளுங்களைக் கூட்டிக் கதவை உடைக்கறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சு.

துக்கம் கேக்கப் போனேன். ரவி என்னை ஒரு வார்த்தை திட்டலை. திட்டியிருந்தா நிம்மதியா இருந்திருக்கும். "அந்த அக்கா தட்டினப்போ என்னைக் கண்ணாடி வழியா பார்த்தாங்களாம் அண்ணா. நான் புரண்டு படுத்தேனாம்."

இப்பவும் யாராவது ஒரு சத்தமும் உள்ளே வரக்கூடாதுன்னா, தெரிஞ்சே ஒரு நூல் இடைவெளி விட்டுட்டு, "அலுமினியம்னா அப்படித்தான் சார்"னு புளுகி, வேலை தெரியாதவன்னு திட்டு வாங்கிக்கிட்டு வந்துடறேன்.