அடுப்படிச் சுவர்

மே மாதத்தில் ஒரு மத்தியானம் எங்கள் வீட்டு ஹால் கூரையிலிருந்து ஒரு தட்டு அகலத்துக்குப் பூச்சு பெயர்ந்து சாப்பாட்டு மேஜை மேல் விழுந்தது. நானும் என் கணவரும் சாப்பிட்டு அப்போதுதான் கை கழுவப் போயிருந்தோம். ஓடிவந்து அண்ணாந்து பார்த்தால் துருப்பிடித்த கம்பி தெரிந்தது. அவர் நாற்காலி மேல் ஏறி அந்தக் கம்பியை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். இறங்கி வந்து, "இனிமே தள்ளிப்போட முடியாது" என்றார்.

திருமுல்லைவாயிலில் ரயில் பாதைக்கு இரண்டு தெரு தள்ளி எங்கள் வீடு. ஒரு ஹால், இரண்டு படுக்கையறை, ஒருத்தி நின்றால் இன்னொருத்தர் நுழைய முடியாத ஒரு அடுப்படி. கல்யாணமாகி நாலாவது வருஷம் வாங்கினோம். அதற்குப் பிறகு வெள்ளையடித்ததோடு சரி. நான் ஆவடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவருக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் இரும்பு பாகங்கள் அடிக்கிற ஒரு தொழிற்சாலையில், செய்த பொருள் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக் கழிக்கிற வேலை. மகள் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் இருந்து படிக்கிறாள். எனக்கோ கோடை விடுமுறை. ஆரம்பித்துவிடலாம் என்று முடிவு செய்தோம்.

கூரையை மட்டும் என்று தொடங்கிய பேச்சு ஒரு வாரத்துக்குள் தரை, ஒயரிங், பாத்ரூம், அடுப்படி என்று வளர்ந்துவிட்டது. பூந்தமல்லியிலிருந்து ஒரு மேஸ்திரி வந்தார். நாங்கள் பாய் என்றுதான் கூப்பிட்டோம். நாற்பது வயதிருக்கும். காதில் ஒரு பென்சில், கையில் ஒரு சுத்தியல். வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்து அங்கங்கே தட்டிப் பார்த்தார். அவர் அடுப்படி வாசலுக்கு வந்தபோதுதான் என் கணவர் அந்த வார்த்தையைச் சொன்னார்.

"பாய், அடுப்படிக்கும் ஹாலுக்கும் நடுவுல இருக்கிற இந்தச் சுவரை எடுத்துடுங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சட்டைக்கு நிறம்கூடத் தானாகத் தேர்ந்தெடுக்காத மனுஷன். "எதுக்கு?" என்றேன்.

"வெளிச்சமா இருக்கும்."

"வெளிச்சத்துக்கு ஒரு லைட்டு போட்டுக்கலாம். சுவரை எடுத்தா வர்றவங்க போறவங்க எல்லாரும் கழுவாத பாத்திரத்தைத்தான் முதல்ல பார்ப்பாங்க. மீன் வறுத்தா சோபா வரைக்கும் நாறும்."

"இப்ப எல்லா வீட்டிலயும் இப்படித்தான் கட்டுறாங்க."

"எல்லா வீட்டிலயும் நானா சமைக்கிறேன்?"

மேஸ்திரி சுவரை இரண்டு தட்டுத் தட்டினார். "இது வெயிட்டு தாங்குற செவுரு இல்ல டீச்சரம்மா. வோணும்னா எடுத்துரலாம், வோணாம்னா உட்ரலாம். ரெண்டு பேரும் பேசி ஒரே வார்த்தையா சொல்லு, அது போதும்" என்று சிரித்தார்.

ஒரே வார்த்தை பதினைந்து நாள் வரைக்கும் வரவில்லை.

அந்தப் பதினைந்து நாளும் நாங்கள் ஒரே அறைக்குள் குடியிருந்தோம். இரண்டு மாதத்துக்கு மட்டும் வாடகைக்கு யாரும் வீடு தருவதாக இல்லை. பின்பக்கப் படுக்கையறையில் கட்டில், பீரோ, ஃபிரிட்ஜ், டிவி, மகளின் படிப்பு மேஜை, அதன் மேல் சாமி படங்கள். துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், பின்சந்தில், ஒரு பலகையைப் போட்டு அதன் மேல் அடுப்பு. மற்ற சாமான்களையெல்லாம் அவர் அட்டைப் பெட்டிகளில் கட்டி, தொழிற்சாலைக் கையெழுத்தில் 'பருப்பு வகை', 'எவர்சில்வர் சிறியது', 'என்னவென்று தெரியவில்லை' என்று எழுதி ஒட்டினார். கடைசியாகச் சொன்ன பெட்டிகள் நாலு இருந்தன.

உண்மையைச் சொன்னால் அந்த நாட்கள் எனக்குப் பிடித்திருந்தன. காலையில் அவர் ஃபிரிட்ஜுக்கும் கட்டிலுக்கும் நடுவில் பக்கவாட்டில் நடந்து வேலைக்குக் கிளம்புவதைப் பார்த்தால் சிரிப்பு வரும். சாயங்காலம் வந்ததும் நேராகப் பின்சந்துக்கு வந்து வெங்காயம் உரிப்பார். தோசைக்கல் வைக்க இடமில்லாமல் அவர் கையில் பிடித்துக்கொண்டு நிற்பார். தலைமுடியில் சிமெண்டுத் தூசியோடு சுவரில் சாய்ந்து இரண்டு பேரும் டீ குடிப்போம். எங்கள் கல்யாணத்தின் முதல் வருஷம், ஒற்றை அறை வாடகை வீட்டில், இப்படித்தான் இருந்தது.

ஆனால் சண்டைகளும் வந்தன. சுவரைப் பற்றி மட்டுமல்ல. பாத்ரூமில் புது டைல்ஸ் போட்டு முடித்ததும் மேஸ்திரி ஒவ்வொன்றாகத் தட்டிக் காட்டினார். அடியில் கலவை சரியாகப் பிடிக்காவிட்டால் டைல் உள்ளே வெற்றிடம் இருப்பது மாதிரி டொக்கென்று ஒலிக்கும். என் கணவர் குனிந்து, தலையை ஒருபக்கமாகச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "எல்லாம் சரியா இருக்கு" என்றார். வாசலில் நின்றிருந்த எனக்கே இரண்டு டைல்ஸின் ஓசை மாறுவது கேட்டது.

"ஊருக்கெல்லாம் தரம் பார்க்கிறீங்க, சொந்த வீட்டு பாத்ரூமை மட்டும் இப்படிப் பார்க்கிறீங்களே" என்றேன். அவர் முகம் சுருங்கிப்போனது. நானே மேஸ்திரியிடம் சொல்லி அந்த இரண்டையும் மாற்ற வைத்தேன்.

பிறகு ஒரு சனிக்கிழமை, அவருக்கு விடுமுறை. அடுப்படியில் மேஸ்திரி ஏணி மேல் நின்று பழைய பரணை உடைத்துக்கொண்டிருந்தார். நான் ஹாலின் மறுகோடியில் இருந்தேன். என் கணவர் அறையிலிருந்து வெளியே வந்து எதையோ அளப்பதற்காக டேப்பை இழுத்துக்கொண்டே அடுப்படிக்குள் நடந்தார்.

"சார், நில்லு! உள்ள வராத!" மேஸ்திரி கத்தினார். மறுபடியும் கத்தினார். தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தம். என் கணவர் டேப்பில் இருந்த எண்ணைப் படித்தபடி இன்னும் ஒரு அடி எடுத்து வைத்தார். தலையணை அளவுக்கு ஒரு கான்கிரீட் துண்டு அவருக்கு ஒரு முழம் முன்னால் விழுந்து உடைந்தது.

தூசி அடங்கியபோது அவர் டேப்பைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றிருந்தார். கால் விரலில் மட்டும் சின்னச் சிராய்ப்பு. மேஸ்திரி ஏணியிலிருந்து குதித்து வந்தார்.

"இன்னா சார் நீ! தொண்ட கிழிய கத்திகினு கீறேன், நீ பாட்டுக்கு வந்துகினே கீறியே!"

"கவனிக்கல பாய்" என்றார் அவர் மெதுவாக.

நான் அவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டு வந்தேன். மேஸ்திரி என்னைத் தனியாக வாசல் பக்கம் கூப்பிட்டார்.

"டீச்சரம்மா, தப்பா நெனைக்காத. சாருக்கு வலது பக்கம் காது கேக்கல. வந்த நாள்லேர்ந்து பாத்துகினு கீறேன். நாம பேசுனா வாயையே பாக்குறாரு. என்கூட மெஷின் வெச்சி செவுரு ஒடைக்கிற ஆளு ஒர்த்தரு, அவருக்கும் இப்டித்தான் ஆச்சு."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல பாய், அவர் எப்பவுமே ஏதாவது யோசனையில இருப்பார்" என்றேன். சொல்லி முடிப்பதற்குள்ளேயே எனக்குத் தெரிந்துவிட்டது. தினம் பார்க்கிற முகம். வந்த அன்றைக்கே மேஸ்திரி பார்த்தது எனக்குத் தெரியாமல் போயிருக்கிறது.

அன்று சாயங்காலம் என் கணவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தார். நான் அவருக்கு வலது பக்கம், கொஞ்சம் பின்னால் போய் நின்றேன். வகுப்பில் பேசுகிற குரலில் இல்லாமல், மனுஷர்கள் பேசுகிற குரலில் சொன்னேன்.

"சரி, அந்தச் சுவரை இடிச்சுக்கலாம்."

பதினைந்து நாளாக அவர் கேட்கக் காத்திருந்த வாக்கியம். அவர் ஒரு அவரைக்காயை எடுத்தார், நாரை உரித்தார், இரண்டாக ஒடித்தார், தட்டில் போட்டார். அடுத்ததை எடுத்தார்.

நான் சுற்றிவந்து அவர் எதிரில் தரையில் உட்கார்ந்தேன். "எத்தனை நாளாங்க?"

"எது?"

நான் காதைத் தொட்டுக் காட்டினேன். அவர் தட்டைக் கீழே வைத்தார்.

"மூணு வருஷம் இருக்கும். கம்பெனியில வருஷா வருஷம் டெஸ்ட் எடுப்பாங்க இல்ல, அதுல எழுதிக் கொடுத்தாங்க. வலது பக்கம் ரொம்ப மோசம். இடது பக்கமும் கொஞ்சம் குறைஞ்சிருக்கு. இரும்பு அடிக்கிற பிரஸ் மெஷின் ஓடுற ஷெட்டுல, அந்தச் சத்தத்துல இத்தனை வருஷம் நின்னா அப்படித்தான் ஆகுமாம்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"உங்கிட்ட சொன்னா நீ இன்னும் சத்தமாப் பேசுவ. ஏற்கனவே டீச்சர் குரல்." சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "கிழவன் ஆயிட்டேன்னு நெனைச்சுடுவியோன்னு இருந்துச்சு. வேற ஒண்ணுமில்ல."

பிறகு அவராகவே சொன்னார். "நீ அடுப்படியில நின்னுகிட்டுத்தான் எல்லாத்தையும் பேசற. ஸ்கூல்ல நடந்தது, பொண்ணு போன்ல சொன்னது, எல்லாம். சுவர் மறைக்குது. உன் முகம் தெரிஞ்சா பாதிக்கு மேல புரிஞ்சுடும் எனக்கு. தெரியலன்னா வெறும் இரைச்சல்தான் வரும். 'ம்'னு சொல்லிடுவேன். அதனாலதான் இடிச்சுடலாம்னு சொன்னேன்."

எனக்கு அந்த 'ம்' எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தன. இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு நாள், தலைமை ஆசிரியை பதவி எனக்குத்தான் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தபோது, அதை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து, அடுப்பைப் பார்த்துக்கொண்டே, குரல் உடையாமல் இருக்க மெதுவாக அவரிடம் சொன்னேன். ஹாலில் இருந்து 'ம்' என்று வந்தது. பேப்பர் புரட்டுகிற சத்தம் வந்தது. நாலு நாள் நான் அவரிடம் பேசவில்லை. அவரும் எதற்கு என்று தெரியாமல் தினமும் மல்லிகைப்பூ வாங்கி வந்துகொண்டிருந்தார். அந்தப் பேச்சை நான் அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை.

அதை அவரிடம் சொன்னேன். எதிரில் உட்கார்ந்து, முதலிலிருந்து, யார் என்ன சொன்னார்கள், நான் எப்படி நின்றேன் என்பது வரைக்கும். அவர் என் வாயையும் கண்ணையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"யாருக்குக் குடுத்தாங்க?" என்றார்.

சொன்னேன்.

"அந்த அம்மாவுக்கா?" எழுந்தே நின்றுவிட்டார். "சேர்ந்து நாலு வருஷம்கூட ஆகலையே! நீ சும்மாவா விட்ட?" இரண்டு வருஷம் தாமதமாக, அந்த நெருக்கடி அறையில், ஃபிரிட்ஜுக்கும் பீரோவுக்கும் நடுவில் நின்று அவர் என் பள்ளி நிர்வாகத்தை ஒருபாடு திட்டித் தீர்த்தார். நான் அழுதுகொண்டே சிரித்தேன். அவருக்கு அது புரியவில்லை. "எதுக்குச் சிரிக்கிற? இது சிரிக்கிற விஷயமா?" என்று அதற்கும் கோபித்துக்கொண்டார்.

திங்கட்கிழமை மேஸ்திரி வந்ததும், "பாய், சுவரை எடுத்துடுங்க" என்றேன். அவர் என்னைப் பார்த்தார், என் கணவரைப் பார்த்தார், சுத்தியலைக் கையில் எடுத்தார். மத்தியானத்துக்குள் சுவர் செங்கல் குவியலாகிவிட்டது. நான் அடுப்படி இருந்த இடத்தில் நின்று பார்த்தேன். ஹால், வாசல், எதிர்வீட்டு முருங்கை மரம் வரைக்கும் தெரிந்தது. அவர் ஹாலின் நடுவில் கை கட்டி நின்றுகொண்டு, "ஏதாவது பேசு" என்றார்.

"என்ன பேசறது?"

"கேக்குது" என்றார், பெரிய பரீட்சையில் பாஸான மாதிரி.

காது டாக்டரிடம் அவரைக் கூட்டிப்போவது சுவரை இடிப்பதை விடக் கஷ்டமாக இருந்தது. வீட்டு வேலை முடியட்டும் என்றார், பிறகு மகள் லீவுக்கு வந்துவிட்டுப் போகட்டும் என்றார். மகளுக்கு நான் போனில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் வந்த மறுநாளே அப்பாவை ஸ்கூட்டரில் பின்னால் உட்காரவைத்து அம்பத்தூருக்குக் கூட்டிப்போய்விட்டாள். ஒரு காது மெஷின் வந்தது. மூன்று வாரம் அது பெட்டியிலேயே இருந்தது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, யாரும் சொல்லாமல், மாட்டிக்கொண்டு வந்து சோபாவில் உட்கார்ந்தார்.

அன்றைக்கு வீடே அவருக்குப் புதிதாகிவிட்டது. மின்விசிறி கீச்சிடுகிறது என்றார். ஃபிரிட்ஜ் ஏன் இப்படி முனகுகிறது என்று கேட்டார். நான் நடக்கும்போது கொலுசு கேட்கிறதாம், எப்போது வாங்கினாய் என்றார். கல்யாணத்திலிருந்து அதே கொலுசுதான். குக்கர் விசில் அடித்ததும் காதைப் பொத்திக்கொண்டு, "இதை எப்படித் தினமும் தாங்கற நீ?" என்றார்.

நான் சொன்னபடியே மீன் வறுத்தால் சோபா வரைக்கும் நாறுகிறது. புகையை வெளியே இழுக்கிற ஒரு ஃபேன் போட்டோம், பாதிதான் போகிறது. வருகிறவர்கள் கழுவாத பாத்திரத்தைத்தான் முதலில் பார்க்கிறார்கள். இரண்டிலும் நான் சொன்னதுதான் சரி என்று அவரும் ஒப்புக்கொண்டுவிட்டார். அதனால் யாராவது வருகிறார்கள் என்று தெரிந்தால், அவரே எழுந்து வந்து பாத்திரத்தைக் கழுவிவிடுகிறார்.

இதில் நான் எதிர்பார்க்காத நஷ்டம் ஒன்றும் உண்டு. எனக்கு வேலை செய்துகொண்டே முணுமுணுக்கிற பழக்கம். இத்தனை வருஷமாக யாரையும் தொந்தரவு செய்யாமல் அவரைத் திட்டிக்கொண்டிருந்தேன். போன வாரம் மாவு கரைத்துக்கொண்டே, "ஒரு ஈரத் துண்டைக் கொடியில போடத் தெரியுதா, எல்லாத்தையும் கட்டில் மேலயே போட்டுட்டுப் போயிடறது" என்று வாய்க்குள் சொன்னேன்.

ஹாலில் பேப்பருக்குப் பின்னாலிருந்து அவர் குரல் வந்தது. "போட்டாச்சும்மா. காலையிலயே கொடியில போட்டாச்சு. போய்ப் பாரு."

கரண்டியை வைத்துவிட்டுப் போய்ப் பார்த்தேன். போட்டுத்தான் இருந்தார்.