மேஸ்திரி வீட்டைப் பார்த்துக்கொண்ட ஒரு மாசம்

உப்பள மேஸ்திரி வேலை ரொம்பச் சுலபம்: உப்பு விளைவதை வெயில் பார்த்துக்கொள்ளும், எந்த மடையை எப்போது திறந்தோம், எப்போது மூடணும் என்பதை மட்டும் நாம் ஞாபகம் வைத்திருந்தால் போதும். எனக்கு அந்த 'மட்டும்'தான் வராது. மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு வீடு பூராவும் தேடுகிற சொந்தங்களே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

2006 பங்குனியில் என் மனைவி செல்விக்குக் குயிலாப்பாளையத்தில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் சமையல் வேலை கிடைத்தது. காலை ஆறு மணி பஸ்ஸில் மரக்காணத்தை விட்டால் திரும்பி வர விளக்கு வைக்கிற நேரம் ஆகிவிடும். அதுவரை வீட்டை, என்னை, ஆறாவது படிக்கும் எங்கள் மகள் மஞ்சுவை என்று மொத்தத்தையும் கட்டி இழுத்தவள் அவள்தான். இனிமேல் நான். "ஒரு மாசம் பாப்போம். உங்களால முடியலன்னா நான் வேலையை விட்டுடறேன்" என்றாள். வேலைக்கென்று வாங்கிய புதுச் செருப்பைப் பெட்டியோடு மடியில் வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். இந்த ஆசையில் நான் மண்ணைப் போட்டுவிடக் கூடாதே.

நாலெழுத்து

முதல் காரியமாக என்னைப் பாண்டிச்சேரியில் ஒரு டாக்டரிடம் இழுத்துப் போனாள். அவர் கேள்வி கேட்கக் கேட்க, நான் அவர் மேஜையிலிருந்த பேனா மூடிகளை அளவு வாரியாக அடுக்கி முடித்தேன். "இதுக்கு ஏ.டி.எச்.டி.ன்னு பேரு. கவனம் ஓரிடத்துல நிக்காது, மறதி வரும். சின்ன வயசுலேர்ந்தே இருந்திருக்கும். சோம்பேறித்தனம் இல்லை" என்றார். சோம்பேறி, பொறுப்பில்லாதவன் என்று நாற்பது வருஷமாக வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான்; அதை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டேன். ரசீது, மாத்திரைச் சீட்டு, குடை மூன்றையும் அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்; செல்விதான் திரும்பிப் போய் எடுத்து வந்தாள்.

மறுநாள் அளத்தில் உப்பு வாரிக்கொண்டிருந்த அஞ்சலையிடம் பெருமையாகச் சொன்னேன். எங்கள் அளத்திலேயே மூத்த ஆள் அவர்தான். உப்பு வாரும் பலகையை ஊன்றி நின்று யோசித்துவிட்டுச் சொன்னார்:

"எனக்கு பி.பி., ரெண்டெழுத்துதான். உங்களுக்கு நாலெழுத்து. என்ன இருந்தாலும் மேஸ்திரி மேஸ்திரிதான்."

கதவில்லாத பீரோ

கண்ணில் படாத பொருள் எனக்கு உலகத்திலேயே கிடையாது. மூடி வைத்த குழம்பு மூன்றாம் நாள்தான் தெரியவரும், அதுவும் நாற்றத்தால். அதனால் செல்வி பீரோ கதவைக் கழற்றிவிட்டாள். நடுவீட்டில் ஒரு நைலான் கயிறு கட்டி, மஞ்சுவின் யூனிஃபார்ம், ரேஷன் கார்டு, சீப்பு, வீட்டுச் சாவி, என் மாத்திரை எல்லாவற்றையும் வரிசையாகத் தொங்கவிட்டாள்.

லோடு சீட்டு வாங்க வந்த லாரி டிரைவர் வாசலிலேயே நின்றுவிட்டார். குனிந்து, நிமிர்ந்து, எல்லாவற்றையும் நிதானமாகப் பார்த்தார்.

"ஏம்பா, காலி பண்றீங்களா, இல்ல இப்பதான் குடி வந்தீங்களா?"

மணிக்கூண்டு

செய்யவேண்டியதைப் பால்பாயிண்ட் பேனாவால் கையில் எழுதிப் பார்த்தேன். உப்புத் தண்ணியில் கை வைத்த பத்து நிமிஷத்தில் என் திட்டங்கள் எல்லாம் கரைந்து போயின. செல்போனில் அலாரம் வைத்தேன். அது இரண்டாம் நாளே பாத்தியில் விழுந்து ஊறுகாய் ஆனது. கடைசியில், தலையில் இரண்டு மணி வைத்த பழைய அலாரம் கடிகாரத்தைக் கயிறு கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். மடை மூட ஒரு அலாரம், அது அடித்ததும் முள்ளைத் திருப்பி மாத்திரைக்கு ஒன்று, பிறகு மஞ்சுவின் பள்ளிக்கு ஒன்று. அது அடிக்கும்போதெல்லாம் அளத்தில் வேலை செய்யும் பதினைந்து பேரும் பலகையைப் போட்டுவிட்டு வரப்பில் உட்கார்ந்தார்கள். ஏன் என்று கேட்டேன். அஞ்சலைதான் பதில் சொன்னார்.

"மணி அடிச்சா டீ குடுக்கணும் மேஸ்திரி."

கருவாடு

ஒருநாள் பசியோடு என் பையைத் திறந்தால் உள்ளே சமூக அறிவியல் புத்தகம். மஞ்சுவின் பை என்னிடம். அப்படியென்றால் பழைய சோறும் சுட்ட கருவாடும் பள்ளிக்கூடத்தில். குழந்தை அழுதிருக்குமே என்று சாயந்தரம் பயந்துகொண்டே போனேன். சிரித்துக்கொண்டு வந்தாள்.

"வாசனை தாங்காம டீச்சர் எங்களை மரத்தடிக்கு அனுப்பிட்டாங்கப்பா. நாளைக்கும் அதையே குடு."

பள்ளிக்கூட வாசல்

இதில் சிரிக்க ஒன்றுமில்லை. பரீட்சை நாளில் பள்ளி பன்னிரண்டு மணிக்கே விட்டுவிடும். அன்று காலையிலேயே அந்தக் கடிகாரம் நின்று போயிருந்தது. மஞ்சு தனியாகப் பெரிய ரோட்டைத் தாண்டக் கூடாது என்பதால், நான் வருவேன் என்று வாசலில் நின்றிருக்கிறாள். நாலு மணிக்குத்தான் போனேன். திட்டவில்லை, அழவில்லை. பழகிப்போனவள் மாதிரி சைக்கிளில் ஏறிக்கொண்டாள். எனக்குச் செத்துவிடலாம் போல இருந்தது. செல்வி வந்ததும் நானே சொல்லிவிட்டேன். அவள் செருப்பைக் கழற்றாமல் நின்று கேட்டாள்.

"இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வேலையை விட்டு நின்னுடறேங்க. எனக்கு வேற வழி தெரியல."

கரைந்த பாத்தி

கடைசிப் பரீட்சை நாள். இரண்டு நாளில் வாரவேண்டிய பாத்தி, உப்பு வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. கொஞ்சம் தண்ணி காட்டலாம் என்று மடையைத் திறந்தேன். திறந்த கையோடு, எந்த மணியும் அடிக்காமல், யாரும் சொல்லாமல், தானாகவே ஞாபகம் வந்தது: மஞ்சு. மண்வெட்டியைப் போட்டுவிட்டுச் சைக்கிளை எடுத்தேன். பள்ளி விடுவதற்கு முன்பே வாசலில் போய் நின்றேன். என்னைப் பார்த்ததும், வேறு யாருக்காகவோ வந்திருக்கிறேனோ என்று பின்னால் திரும்பிப் பார்த்தாள் பாவம்.

அவளை வீட்டில் விட்டு, சோறு போட்டுக் கொடுத்துவிட்டு அளத்துக்குத் திரும்பினால், பாத்தியில் உப்பு இல்லை. தண்ணிதான் தளும்பியது. மடையை நான் மூடவே இல்லை. மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். முதலாளி வந்து என் பரம்பரையையே இழுத்துத் திட்டினார். தலையைத் தொங்கப்போட்டுக் கேட்டுக்கொண்டேன். சாயந்தரம் செல்வியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். இந்தப் பைத்தியத்தை நம்பி வேலைக்குப் போக முடியாது என்று சொல்லப்போகிறாள் என்றுதான் காத்திருந்தேன். அவள் மஞ்சுவைக் கூப்பிட்டு, அப்பா பள்ளிக்கு எத்தனை மணிக்கு வந்தார் என்று மட்டும் விசாரித்தாள். பிறகு செருப்பைத் துடைத்து வாசலோரம் வைத்தாள்.

"உப்பு திரும்ப வெளையும். காலைல என்னை அஞ்சு மணிக்கு எழுப்பி விடுங்க, பஸ்ஸை விட்டுடப் போறேன்."

ஆக, மறதியோடும் குடும்பம் நடத்தலாம் சொந்தங்களே, எதை மறக்கலாம் என்பதற்கு மட்டும் வீட்டில் முன்கூட்டியே பர்மிஷன் வாங்கிவிட வேண்டும்.