ஒரு கை நீளம், ஒரு கை கட்டை

அன்று காலை ஏழு மணியிருக்கும். சங்கக் கொட்டிலுக்கு முன்னால், சோளம் விதைக்கும் மெசினைப் புது ட்ராக்டரில் கொழுவிவிட்டு ஸ்பனரும் கையுமாகக் குந்தியிருந்தேன். தொலைபேசி அடித்தது. தவண்ணையின் இலக்கம். நல்ல காலம், அவரே எடுக்கிறார் என்று சந்தோசத்தோடுதான் காதில் வைத்தேன். கதைத்தது அவருடைய மகள் மேகலா.

“மாமா, அப்பா விடியப்புறம் ஆஸ்பத்திரியிலை எங்களை விட்டிட்டுப் போட்டார்.”

தவண்ணையை அறிந்த உங்களுக்கு வெட்கம் கெட்ட ஓர் உண்மையைச் சொல்லிவிட்டுத்தான் மேலே எழுத வேண்டும். அதைக் கேட்டதும் எனக்கு அழுகை வரவில்லை. ‘ஐயோ, மெசின்ரை எந்தக் கையை நீட்டுறதெண்டு இனி ஆரைக் கேக்கிறது’ என்றுதான் முதலில் மனம் போனது. அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது. அதுவும் ஸ்பனரைக் கீழே வைத்த பிறகு.

இந்த நினைவு மலருக்கு எழுதித் தரும்படி மேகலா கேட்டபோது மறுத்துப் பார்த்தேன். சாதாரண தரப் பரீட்சையை இரண்டு தரம் எடுத்து, இரண்டு தரமும் கணக்கில் கோட்டை விட்டவன் நான். அவள் விடவில்லை. ஏன் விடவில்லை என்பது கடைசியில் வரும்.

தவராசா அண்ணை எங்களைப்போலத் தோட்டம் செய்யும் கமக்காரன் இல்லை. வடகரையில் கடற்றொழில் செய்த குடும்பம். வள்ளத்து எஞ்சின் திருத்திக்கொண்டிருந்தவர், இடம்பெயர்ந்து எங்கள் ஊருக்கு வந்து, சந்தியில் ஒரு கராச் போட்டு, தண்ணீர் இறைக்கும் மெசின்களைத் திருத்தினார். “உப்புத் தண்ணியிலை நிண்டவருக்கு எங்கடை கிணத்துத் தண்ணி விளங்குமோ?” என்று முதலில் நக்கலடித்தவர்களில் நானும் ஒருவன். அடுத்த மாதம் என் மெசினைத் தூக்கிக்கொண்டு அவரிடம் போய் நின்றதும் நான்தான்.

எங்கள் கமக்காரர் சங்கத்துக்கு நாலு வரிசை விதைக்கும் மெசின் கிடைத்தபோது என்னை ட்ரைவராகப் போட்டார்கள். மெசினின் இரண்டு பக்கமும் மடிக்கவும் நீட்டவும் கூடிய நீளமான இரும்புக் கைகள் இருந்தன. நுனியில் ஒவ்வொரு தட்டு. மேலதிகச் சாமான் என்று நினைத்து இரண்டையும் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோனேன். மனைவி அவற்றை நட்டுப் புடலங்காய்ப் பந்தல் போட்டாள். நான் கண்மட்டத்தில் விதைத்த முதல் தோட்டத்தில், வரிசைகள் ஒரு தலைப்பில் ஒன்றோடொன்று ஒட்டியும் மறு தலைப்பில் ஒரு மாடு படுக்கலாம்போல விலகியும் முளைத்தன. “என்னடாப்பா, வெறியிலை விதைச்சனியோ?” என்று கேட்டார்கள். நான் குடிப்பதில்லை. குடித்திருந்தால் ஒரு சாட்டாவது இருந்திருக்கும்.

ஒருநாள் வீட்டுக்கு வந்த தவண்ணை பந்தலையே பார்த்துக்கொண்டு நின்றார். “எடேய், உன்ரை மனுசி புடலங்காய் தொங்கவிட்டிருக்கிறது மெசினின்ரை கையிலையெல்லே!”

போகும்போது மெசின் விதைக்க, அந்தக் கை அடுத்த தரத்துக்கான கோட்டை மண்ணில் கீறிக்கொண்டு வரும். திரும்பி வரும்போது அந்தக் கோட்டைப் பிடித்து ஓடினால் வரிசை பிசகாது. இவ்வளவுதான் விசயம். மனைவியிடமிருந்து கைகளை மீட்க ஒரு கிழமை சென்றது. பந்தல் நிறையப் பிஞ்சு.

கைகளைப் பூட்டும் நாளில் தவண்ணை அளவு நாடாவைத் தொடவேயில்லை. என்னைச் சும்மா ஓடச் சொல்லிப் பக்கத்தில் நடந்து வந்தார்.

“எதைப் பாத்து ஓடுறாய்?”

“முன்னுக்குத்தான் அண்ணை.”

“முன்னுக்கு உன்ரை கொப்பரோ நிக்கிறார்? எதைப் பாக்கிறாய்?”

அப்போதுதான் எனக்கே தெரிந்தது, நான் கழுத்தைச் சரித்து வலப்பக்க முன் சில்லை எட்டிப் பார்த்தபடி ஓடுகிறவன். ட்ராக்டரின் நடுவைக் கோட்டில் பிடித்து ஓடுகிறவனுக்கு இரண்டு கையும் சம நீளம். எப்போதும் ஒரு பக்கச் சில்லைப் பார்ப்பவனுக்குப் போகும்போது ஓர் அளவு, திரும்பும்போது வேறோர் அளவு. ஆகவே ஒரு கையை நீளமாகவும் மற்றதைக் கட்டையாகவும் பூட்டினார். “நொண்டி மெசின்” என்று சங்கச் செயலாளர் சிரித்தார். தவண்ணை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “இவன்ரை கழுத்தை நிமித்திறதைவிட இரும்பை நீட்டுறது சுகம்” என்றார். அந்தப் போகம் களை எடுக்கப் போன மெசின் ஒரு பயிரையும் மிதிக்கவில்லை.

இந்தப் போகம் பழைய ட்ராக்டர் படுத்துவிட்டது. புதியதில் முன் சில்லுகளுக்கிடையே அகலம் கூட. கொட்டிலில் இடம் போதாமல் கைகளையும் கழற்றி வைத்திருந்தோம், பழைய அளவும் போயிற்று. ஆறு குடும்பங்களின் தோட்டம் உழுது கிடந்தது. எங்கள் பக்கம் மாரி இறங்கினால் சகதிக்குள் ட்ராக்டர் போகாது. அதோடு இந்தப் போகம் முடிந்தமாதிரித்தான். தவண்ணையோ மூச்சுத் திணறலோடு வார்ட்டில். வேறு வழியில்லாமல் அவருக்குத் தொலைபேசி எடுத்தேன்.

“முன் சில்லு ரெண்டுக்கும் இடையை அள. அதிலை பாதியை எடு. நடுவுக்கு வாற நீளத்தோடை ஒரு பக்கம் கூட்டு… மற்றப் பக்கம் குறை. விளங்குதோ?”

ஒவ்வொரு சொல்லுக்கும் நின்று மூச்செடுத்தார்.

“ஓம் அண்ணை, ஓம், விளங்குது.”

விளங்கவில்லை. எந்தப் பக்கம் கூட்டுவது, எந்தப் பக்கம் குறைப்பது? ஒரேயொரு கேள்வி. வருத்தக்காரனைக் கரைச்சல்படுத்தக் கூடாதென்றுதான் கேட்கவில்லை என்று பிறகு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். வெட்கம். பள்ளிக்கூடம் போகும் மகளிடம் ‘விளங்காட்டில் கையைத் தூக்கிக் கேள் பிள்ளை’ என்று தினமும் புத்தி சொல்லும் தகப்பன் நான்.

“நாளைக்கு ஒருக்கா எடு” என்று சொல்லி வைத்தார்.

அடுத்த நாள் நான் எடுக்கவில்லை. தாளும் பென்சிலுமாகப் படம் கீறிக் கீறி அழித்தேன். அதற்கடுத்த காலைதான் மேகலா எடுத்தாள்.

செத்தவீட்டில் பரமேசக்கா என்னருகே வந்தா. அந்த ஆறு தோட்டத்தில் ஒன்று அவவுடையது, தனி மனுசி. “தவம் உனக்கு எல்லாம் சொல்லித்தந்திட்டுத்தானே தம்பி போனவர்?” என்று மெல்லக் கேட்டா. அவர் பெட்டிக்குள் கிடக்க, நான் “ஓமக்கா” என்றேன்.

சாம்பல் அள்ளும் காடாத்து முடிந்த அடுத்த நாள், தெற்கே வானம் கறுத்திருக்க, ஆறில் முதலாவது தோட்டத்தில் ட்ராக்டரை இறக்கினேன். கூட்ட வேண்டிய பக்கம் குறைத்திருந்தேன். கோட்டைப் பிடித்துத் திரும்பி வந்தால், இப்போதுதான் விதைத்த வரிசைக்கு மேலேயே சில்லு ஏறுகிறது.

“ஐயோ தம்பி, விதைச்சதையே உழக்கிறியே!” பார்க்க வந்திருந்த பரமேசக்கா வரம்பிலிருந்து கத்தினா.

இறங்கிச் சில்லுக்குப் பக்கத்தில் மண்ணில் இருந்துவிட்டேன். “அக்கா, எனக்கு விளங்கேல்லை. அண்டைக்கும் விளங்கேல்லை.”

அவ ஏசவில்லை. வேலியில் இரண்டு கிளுவந்தடி முறித்து வந்தா. “உன்ரை சில்லு எங்கை வரவேணுமோ அங்கை தடியைக் குத்து. பிறகு கையை அதுவரைக்கும் நீட்டு. இதுக்கேன் கணக்கு?” ஒரு தரம் போய், ஒரு தரம் வந்து, தடி குத்தி, ஆணி இறுக்கி முடிக்கப் பின்னேரமாயிற்று. ஒரு முழுப் பகல் அதிலேயே போனது. மறுநாள் நாலு தோட்டம் விதைத்தோம். ஐந்தாவதுக்குத் திரும்பும்போது மழை இறங்கியது, விடவேயில்லை. மிஞ்சிய இரண்டில் ஒன்று என்னுடையது. மற்றது பரமேசக்காவுடையது. அதற்குப் பிறகு அவ வீட்டு ஒழுங்கையால் நான் போவதில்லை.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச்செலவுக்குப் பாத்திரம் தூக்கப் போனபோது மேகலா என்னைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டாள்.

“மாமா, உங்களோடை கதைச்சுப்போட்டு அப்பா என்ன சொன்னவர் தெரியுமோ? ‘உவனுக்கு விளங்கேல்லை பிள்ளை. கேக்க வெக்கப்படுறான். நாளைக்குக் கட்டாயம் எடுப்பான். போனைச் சார்ஜிலை போட்டுத் தலைமாட்டிலை வை’ எண்டவர். அடுத்தநாள் முழுக்க ஆரும் எடுத்தால், ‘உவனோ?’ எண்டு கேட்டபடியே கிடந்தவர். அதுதான் நீங்கள் எழுதவேணும் எண்டனான்.”

அவருடைய ஸ்பனர் பெட்டி மருமகனிடம் போயிற்று. கராச் பூட்டிக் கிடக்கிறது. அவருடைய சாமான் ஒன்றும் என்னிடம் இல்லை. தலைமாட்டில் தொலைபேசியை வைத்துக்கொண்டு அவர் எனக்காகப் பார்த்திருந்த அந்த ஒரு பகல் மட்டும் என்னிடம் இருக்கிறது. அதை எங்கே வைப்பது, என்ன செய்வது என்று எனக்கு விளங்கேல்லை, அண்ணை.