லைனுக்கு ஒரே அட்டை

"பேட்டி தந்தவர்களின் பெயரை மாற்றிவிட்டேன்" என்று ஆய்வு மாணவர்கள் யாராவது நிம்மதியாகச் சொன்னால், இன்றும் எனக்கு எங்கள் பல்கலைக்கழக மென்பொருள் அறையின் பொறுப்பாளர்தான் கண்முன் வருகிறார். நேர்காணல்களை ஏற்றி, யார் எதைப் பற்றிப் பேசினார்கள் என்று பிரித்துக் காட்டும் மென்பொருள் அவர் பொறுப்பில் இருந்தது. என் வயதுதான் அவருக்கு. வாய் மட்டும் என்னைவிட நீளம். ஆய்வேட்டை முடித்துவிட்டதாக யார் போய் நின்றாலும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "இப்ப நான் கம்பெனி எச்.ஆர். யாரு போட்டுக் கொடுத்தாங்கன்னு கண்டுபிடிக்கிறேன், பாருங்க" என்பார். பெரும்பாலும் கண்டுபிடித்தும் விடுவார்.

என் ஆய்வு, கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியின் ஒரே உற்பத்தி லைனில் வேலை செய்யும் பெண்களைப் பற்றியது. ஆய்வேட்டில் ஒரு பிரதி தருவதாக ஒப்புக்கொண்டுதான் கம்பெனிக்குள் நுழைய அனுமதி வாங்கியிருந்தேன். என் முறை வந்தபோது பொறுப்பாளர் ஏட்டைப் புரட்டிவிட்டு, தேடும் கட்டத்தில் 'அட்டை' என்று தட்டினார். கழிப்பறைக்குப் போகிறவள் கழுத்தில் மாட்டிக்கொள்ள வேண்டிய அட்டை அது. லைனுக்கே ஒன்றுதான். அது திரும்பி வரும்வரை மற்றவர்கள் அடக்கிக்கொண்டு நிற்க வேண்டும். அதற்குப் பயந்து ஷிப்ட் முழுக்கத் தண்ணீரே குடிப்பதில்லை என்று ஆரம்பாக்கத்திலிருந்து ரயிலில் வரும் ஒருத்தி சொல்லியிருந்தாள். என் ஆய்வேட்டின் உயிரே அந்தப் பக்கம்தான். திரையில் அவள் பேச்சு மட்டும் வந்து நின்றது. "நீங்க எந்தப் பேரை வெச்சா என்ன? அட்டையப் பத்தி யாரு புலம்புவாங்கன்னு லைன் லீடருக்குத் தெரியாதா? நாளைக்கே அந்தப் பொண்ணுக்கு வேலை போயிடும். எடுத்துடுங்க மேடம்." எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது, அவர் சொன்னது சரி என்பதால்.

அவளைக் கேட்காமல் வெட்ட மனம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆரம்பாக்கம் போனேன். துணி துவைத்துக்கொண்டிருந்தவள் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "இன்னாக்கா நீ, அட்டைக்கு நான் ஒருத்தியா நின்னுக்கினு கீறேன்? மத்தவங்கள நீ கேக்கவேல்லியே" என்றாள். உண்மைதான். மற்றவர்களிடம் சம்பளம், ஷிப்ட், பிள்ளைகள் படிப்பு என்றே கேட்டிருந்தேன். அட்டையை இவள்தான் தானாகச் சொன்னாள். அடுத்த ஞாயிறு முதல் லைன் பெண்களை ஒவ்வொருவராகத் தன் வீட்டுக்கு வரவழைத்து, என் எதிரில் உட்கார வைத்துவிட்டு வெளியே போய்விடுவாள். நான் எழுதுவது கம்பெனி கைக்கும் போகும் என்று முதலிலேயே சொன்னேன். ஒருத்தியும் எழுந்து போகவில்லை. ஒருத்தி மசக்கையோடு அட்டைக்குக் காத்து நின்றதைச் சொன்னாள். ஒரு சின்னப் பெண், மாதவிலக்கு நாளில் பட்ட அவமானத்தைச் சொல்லி அழுதாள். நானும் அழுதேன். ஆராய்ச்சி செய்கிறவள் அழக்கூடாது என்று எங்காவது எழுதியிருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு மறுபடி பொறுப்பாளரிடம் போனேன். அதே சொல்லைத் தட்டினார். திரை நிரம்பியது. கீழே இறக்கிக்கொண்டே போனார், வந்துகொண்டே இருந்தது. லைனில் இருந்த அத்தனை பேரும் பேசியிருந்தார்கள். அவருடைய வழக்கமான கிண்டலைக் காணோம். மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"நான் எச்.ஆரா இருந்தா, இப்ப ரெண்டே வழிதான் மேடம். ஒண்ணு, லைனையே மூடணும். இல்லன்னா அந்த அட்டையத் தூக்கிப் போடணும்."