ஒன்பதாவது நகர்த்தலில் ஒரு நட்சத்திரம்

போன ஞாயிற்றுக்கிழமை விழுப்புரத்தில் ஒரு வெள்ளைக் குதிரை நாலு முறை தாவி, பதினோராவது நகர்த்தலில் புறப்பட்ட கட்டத்துக்கே திரும்பி வந்து நின்றது.

குதிரை என்னுடையது.

பக்கத்தில் நின்ற செஸ் கிளப் செயலாளர் சத்தமில்லாமல் சிரிக்கத் தெரியாதவர். "ஊரெல்லாம் சுத்திட்டு வூட்டுக்கே வந்துடுச்சுப்பா!" என்றார். எதிரே உட்கார்ந்திருந்த தனகோட்டி அண்ணன் சிரிக்கவில்லை. அந்தக் குதிரையை நான் ஏன் அப்படிக் கொண்டுபோனேன் என்று அவருக்குத் தெரியாது... புதன்கிழமை வரை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

செஸ் தெரியாதவர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். விஷயம் குதிரையைப் பற்றியது அல்ல. என்னைப் பற்றியது.

திண்டிவனத்தில் நாங்கள் மூன்று பேர். ஒருவர் வேதாசலம் சார் — பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் வாத்தியார். இன்னொருவர் தனகோட்டி அண்ணன் — மல்லாட்டை என்று எங்கள் பக்கத்தில் சொல்கிற வேர்க்கடலை மண்டியில் எடை போடுகிறவர், சொந்த ஊர் பனமலை. மூன்றாவது நான். என் வேலை விழுப்புரத்தில், பாசன வாய்க்கால்களுக்குப் படம் வரைகிற ஆபீசில். காலையில் பாசஞ்சரில் போய் மாலையில் பாசஞ்சரில் திரும்புகிறவள். உத்தியோகத்தின் பெயர் டிராஃப்ட்ஸ்மேன். பெண்ணுக்கும் அதே பெயர்தான். மாற்று என்று யாரிடம் சொல்வது?

தனகோட்டி அண்ணன் என்னை "ஓவர்சீயரம்மா" என்பார். நான் ஓவர்சீயர் இல்லை என்று மூன்று தடவை சொல்லியாகிவிட்டது. "சரிங்க ஓவர்சீயரம்மா" என்றார். விட்டுவிட்டேன்.

ஞாயிறுதோறும் காலை ஒன்பது மணிக்குச் சார் வீட்டு முன்கூடத்தில் கூடுவோம். ஆடுவதற்கு அல்ல, படிப்பதற்கு. ஆட்டத்தின் முதல் பத்துப் பன்னிரண்டு நகர்த்தல்களை எப்படி எப்படியெல்லாம் ஆடலாம் என்று ஒரு ஆங்கிலப் புத்தகம் சாரிடம் இருக்கிறது. பழுப்பு அட்டை போட்டு வைத்திருக்கிறார். அதை அவர் யாருக்கும் இரவல் தருவதில்லை. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து நகல் எடுத்துக்கொள்ளலாம். கையெழுத்து நன்றாக இருந்தால் மட்டும்!

எங்களுக்குள் ஒரு சட்டம் உண்டு. அந்த வாரத்துப் பாடத்தை யார் விளக்குகிறாரோ, அவர் மோசமான பக்கத்தில் உட்கார்ந்து ஆடிக்காட்ட வேண்டும். அப்போதுதான் பொய் சொல்ல மாட்டார்கள் என்பது சாரின் கணக்கு.

தனகோட்டி அண்ணனுக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. அதனால் முதல் மாதம் முழுக்க அவர் வாயைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். பிறகு நான் ஒரு வேலை செய்தேன். புத்தகத்தில் இருப்பதை வாய்க்கால் படமாக வரைந்துவிட்டேன். முதல் நகர்த்தல் தலைமதகு. எல்லோரும் ஆடுகிற வழி பிரதான வாய்க்கால். எதிராளி வேறு மாதிரி பதில் சொன்னால் அங்கே ஒரு கிளை. கிளைக்குள் இன்னொரு கிளை. ஒவ்வொரு பிரிவிலும் ஒரு சின்ன வட்டம், அதில் தமிழில் நகர்த்தல். புத்தகத்தில் அடிக்குறிப்பு இருக்கிற இடத்தில் நட்சத்திரம் போட்டிருக்கும். நானும் நட்சத்திரம் போட்டு, படத்தின் அடியில் குறிப்பைத் தமிழில் எழுதுவேன்.

முதல் படத்தைப் பார்த்ததும் தனகோட்டி அண்ணன் என்ன சொன்னார் தெரியுமா?

"இது எங்க பனமலை ஏரிங்க! இந்தா மதகு, இந்தா வாய்க்கா. இத்த முன்னாடியே சொல்லியிருந்தா நான் எப்பவோ புரிஞ்சுக்கினு இருப்பேனே!"

"ஏய்யா, நான் ஒரு மாசமா தொண்டை தண்ணி வத்தக் கத்தினேனே, அது என்ன?" என்றார் சார்.

"அது இங்கிலீசுங்க சார்."

அதன்பிறகு அவர் வேகத்தைப் பிடிக்க முடியவில்லை. படத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருப்பார். பிரித்தால் மல்லாட்டைத் தூசு கொட்டும். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மண்டித் தரையில் கரிக்கட்டியால் கட்டம் போட்டு, உரித்த கொட்டை ஒரு கட்சி, உரிக்காதது ஒரு கட்சி என்று வைத்து ஆடிப் பார்ப்பாராம். வெட்டுப்பட்ட காய்களைத் தின்றுவிடுவாராம்.

இப்படியே போயிருந்தால் எழுத ஒன்றுமில்லை. நாலு வாரத்துக்கு முன் விழுப்புரம் கிளப்பிலிருந்து ஒரு கார்டு வந்தது. சென்னையில் நடக்கிற போட்டிக்கு நாலு பேர் கொண்ட அணி. மூன்று பேர் முடிவாகிவிட்டது. நாலாவது இடம் திண்டிவனத்துக்கு. ஆளை ஒரே ஆட்டத்தில் தீர்மானிக்க வேண்டும்.

சார் போட்டிகளுக்கு வருவதில்லை. தோற்றால் திங்கட்கிழமை வகுப்பில் பையன்கள் சிரிப்பார்கள் என்று பயம். மிச்சம் யார்? நானும் தனகோட்டி அண்ணனும்.

செயலாளருக்கு ஒரு கவலை. "பொம்பள புள்ள ஜெயிச்சுட்டா மெட்ராசுக்கு யாரு கூடப் போவும்?" என்று சாரிடம் கேட்டாராம். நான் பதிலைப் பட்டியலாகவே எழுதி அனுப்பினேன். தங்க சைதாப்பேட்டையில் சித்தி வீடு. ரயிலடிக்குச் சித்தப்பா வருவார். ஆபீசில் லீவு சொல்லியாகிவிட்டது. வீட்டில் சம்மதம். மேலும் என்ன வேண்டும்?

எடுத்துப்போகிற சாமான்களுக்கும் ஒரு பட்டியல் போட்டுவிட்டேன். எட்டு ஐட்டம். இந்த இதழில் என் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் பட்டியல் வியாதி தெரியும்.

அந்த இடம் எனக்கு வேண்டும். அவ்வளவு வேண்டும் என்று கார்டு வருகிறவரை எனக்கே தெரியாது. ஒரு ஹாலில் பத்துப் பதினைந்து பலகை, எல்லாவற்றிலும் கடிகாரம், எதிரே முன்பின் தெரியாத ஆட்கள்! மூன்று பேர் கூடத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தவளுக்கு அது எப்படி இருக்கும்? தனகோட்டி அண்ணனுக்கும் அப்படித்தானே இருக்கும் என்று அப்போது நினைத்தேனா? நினைத்தேன். நினைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தேன்.

அந்த வாரம் படித்தது இரண்டு குதிரைத் தற்காப்பு. வெள்ளை தன் குதிரையை அவசரமாக எதிரியின் பக்கம் நுழைக்கும். கறுப்பு ஒரு சிப்பாயைப் பறிகொடுத்துவிட்டு, பதிலுக்கு வெள்ளைக் காய்களை விரட்டிக்கொண்டே இருக்கும். ஒன்பதாவது நகர்த்தலில், நுழைந்த குதிரை பின்வாங்கியாக வேண்டும். எங்கே? முன்பு நின்ற கட்டத்துக்கு என்கிறது புத்தகம். அதன் பக்கத்தில் ஒரு நட்சத்திரம். அடிக்குறிப்பில் பொடி எழுத்தில் நாலு வரி: பலகையின் ஓரத்துக்கும் போகலாம், பார்க்க அசடாக இருக்கும், ஆனால் பறித்த சிப்பாய் கையில் நிற்கும். கறுப்பு என்ன செய்யலாம் என்று இரண்டு பதில்களும் இருந்தன.

சார் அதை விளக்கவில்லை. பொடி எழுத்து அவர் கண்ணுக்குச் சிரமம். நான் பார்த்தேன். என் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து, நோட்டிலிருந்த என் படத்தின் மேல் டிரேசிங் பேப்பரை வைத்துத் தனகோட்டி அண்ணனுக்கு நகல் எடுத்தபோது, அந்தக் குறிப்பை எழுதவில்லை.

காரணங்களை அப்போதே வரிசைப்படுத்தி வைத்துக்கொண்டேன். ஒன்று, தாளில் இடம் குறைவு. இரண்டு, வெறும் அடிக்குறிப்புதானே. மூன்று, சாரே சொல்லாததை நான் ஏன் சொல்ல வேண்டும்? மூன்றும் உண்மைதான். நாலாவது ஒன்று இருந்தது. அதைப் பட்டியலில் சேர்க்கவில்லை.

பரீட்சைக்கு முன்னால் நோட்டின் கடைசிப் பக்கத்தை மட்டும் தோழிக்குக் காட்டாமல் மூடிவைத்தவர்கள் உங்களில் யாராவது இருந்தால், என்னோடு கொஞ்ச தூரம் வரலாம். மற்றவர்கள் என்னைத் திட்டலாம்.

ஞாயிறு காலை இருவரும் ஒரே பாசஞ்சரில்தான் விழுப்புரம் போனோம். கண்ணில் விழுந்த கரித்தூளைத் துடைத்துக்கொண்டே அவர், "யாரு ஜெயிச்சாலும் மத்தவங்க ரயிலடிக்கு வந்து வழியனுப்பணுங்க. பேச்சு மாறக் கூடாது" என்றார். சரி என்றேன்.

கிளப்பில் செஸ் கடிகாரம் கிடையாது. செயலாளர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, யார் எவ்வளவு நேரம் எடுத்தார்கள் என்று நோட்டில் குறித்துக்கொள்வார். சீட்டுப் போட்டதில் வெள்ளை எனக்கு.

வெள்ளை எனக்கு வந்தால் அவர் எந்த வாய்க்காலில் வருவார் என்று தெரியும். அவரிடம் இருப்பது என் படம்தானே! எட்டு நகர்த்தல்கள் மளமளவென்று போயின. ஒன்பதாவதில் நான் குதிரையை எடுத்து ஓரத்தில் வைத்தேன்.

தனகோட்டி அண்ணன் குதிரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

பத்து நிமிஷம். இருபது நிமிஷம். எனக்குள் சந்தோஷம். அதை வெளியே காட்டாமலிருக்கச் சுவரிலிருந்த காலண்டரைப் படித்துக்கொண்டிருந்தேன். முப்பது நிமிஷம்.

"இன்னாப்பா, தூங்கிட்டியா?" என்றார் செயலாளர். "ஜல்தி ஆவட்டும்."

நாற்பதாவது நிமிஷம் அவர் தன் ராஜா பக்கத்துச் சிப்பாய் ஒன்றை இரண்டு கட்டம் தள்ளினார். அடிக்குறிப்பில் இருந்த இரண்டு பதில்களிலும் இது இல்லை. சொந்த ராஜாவின் முன்கதவைத் தானே கழற்றி வைப்பது மாதிரியான நகர்த்தல். ஆனால் அடுத்த முறை அது இன்னொரு கட்டம் வந்தால், ஓரத்தில் நிற்கும் என் குதிரைக்குப் போக ஒரே இடம்தான் — பிறந்த கட்டம். நான் வேறொரு சிப்பாயை நகர்த்தி வைத்தேன். அவர் தள்ளினார். குதிரை வீடு திரும்பியது. செயலாளர் சிரித்த இடம் அதுதான்.

முப்பத்துநாலாவது நகர்த்தலில் தோல்வியை ஒப்புக்கொண்டு கை கொடுத்தேன்.

காய்களைப் பெட்டியில் போட்டுக்கொண்டே அவர் சொன்னார்: "ஓவர்சீயரம்மா, அந்த ஒம்போதாவது இடத்துல ஒரு கிளை போட்டுக் குடுங்க. மெட்ராசுக்கு எடுத்துக்கினு போறேன்."

குரலில் ஒன்றுமில்லை. சாதாரணமாகத்தான் கேட்டார். நான் மறுபடியும் சுவர்க் காலண்டரைப் படிக்கத் தொடங்கினேன்.

திங்களும் செவ்வாயும் உட்கார்ந்து புதுப் படம் வரைந்தேன். அவர் கண்டுபிடித்த நகர்த்தலுக்கு ஒரு கிளை. அடியில் அந்த நாலு வரிக் குறிப்பு, முழுசாக. குறிப்பை எழுதினால் என் குட்டு உடையும். எழுதாவிட்டால்? சென்னையில் எவனோ ஒருவன் அதே புத்தகத்தைப் படித்தவன் எதிரே உட்காருவான். வெளியே தெரியாமல் இருக்க வேண்டும் என்பதற்காக அவரை இரண்டாவது தடவையும் பாதிப் படத்தோடு அனுப்புவதா? அதற்குப் பட்டியல் போடக்கூட எனக்குத் துணிவில்லை.

புதன்கிழமை மாலை ரயிலைவிட்டு இறங்கி நேராக மண்டிக்குப் போனேன். கடைசி மூட்டையை எடை போட்டுவிட்டுத் துண்டால் தலைமுடித் தூசைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, ஒரு விஷயம் சொல்லணும். அந்தக் குதிரை ஓரத்துக்குப் போறது புத்தகத்துல இருந்துச்சு. அடிக்குறிப்புல. நான் பார்த்தேன். உங்க படத்துல எழுதல. மறந்து போகல... வேணும்னேதான் எழுதல."

"தெரியுங்க" என்றார்.

"எப்படி? சார் சொன்னாரா?"

அவர் சட்டைப் பையிலிருந்து பழைய படத்தை எடுத்துப் பிரித்தார். தூசு கொட்டியது. ஒன்பதாவது வட்டத்தின் மேல் விரலை வைத்தார்.

நட்சத்திரம்!

குறிப்பை விட்டுவிட்டேன். நட்சத்திரத்தை விடவில்லை. டிரேஸ் எடுக்கிற கை யோசிக்காது; அடியில் இருப்பதை அப்படியே மேலே கொண்டுவரும். ஆபீசில் அதற்காகத்தான் எனக்கு நல்ல பெயர்.

"மத்த நட்சத்திரத்துக்கெல்லாம் கீழ எழுதியிருக்குது. இதுக்கு மட்டும் ஒண்ணுமில்ல. அப்ப இங்க இன்னாவோ கீதுன்னு தெரிஞ்சுபோச்சு. குதிர அங்கேர்ந்து உசுரோட ஓடணும்னா ரெண்டே எடம்தான். ஒண்ணு நீங்க போட்டுக்கீறீங்க. இன்னொண்ணு ஓரம். மூணு வாரமா மல்லாட்டைய வச்சு அதத்தான் பாத்துக்கினு இருந்தேன்."

"அப்போ... முன்னாடியே தயாரா வந்துட்டீங்க. பிறகு எதுக்கு நாற்பது நிமிஷம் யோசிச்சீங்க?"

தனகோட்டி அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"நகத்தறதுக்கு யோசிக்கலீங்க. உண்மையிலே அந்த எடத்துல குதிரைய வச்சுட்டீங்களே... ஏன் சொல்லாம வுட்டீங்கன்னுதான் யோசிச்சுக்கினு இருந்தேன்."

 பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை.

"அப்பறம் பாத்தேன். அந்தப் புஸ்தகம் எனக்குப் படிக்க வந்து, உங்களுக்கு வராம இருந்தா, நான் மட்டும் சொல்லியிருப்பனா? தெரியலீங்க. அந்தப் பேஜாரு எனக்கு எதுக்குன்னு சிப்பாயத் தள்ளிட்டேன். வுடுங்க."

அவர் விடச் சொன்னார். விட முடிகிற விஷயமாக இருந்தால் இங்கே எழுதியிருக்க மாட்டேன். எதிராளி என்ன ஆடுவான் என்று பதினைந்து நகர்த்தல் வரை வரைந்து வைக்கலாம். கூடப் படிக்கிறவர் நம்மைப் பற்றி என்ன தெரிந்து வைத்திருக்கிறார் என்பதற்கு எந்தப் புத்தகத்திலும் படம் கிடையாது.

சனிக்கிழமை காலை வண்டிக்கு ரயிலடிக்குப் போகிறேன். பேச்சு மாறக் கூடாது.

புதுப் படத்தைப் புதன்கிழமை மண்டியிலேயே நீட்டிவிட்டேன். வாங்கிப் பிரித்தார். எங்கள் படங்களை எப்போதும் மேலேயிருந்து, மதகிலிருந்துதான் படிக்கத் தொடங்குவார். இந்தத் தடவை அவர் கண் முதலில் போனது தாளின் அடிப்பக்கத்துக்கு.