அத்தையின் டாக்டர் பட்டமும் என் பத்து நொடிக் குரலும்

முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறவர் ஒருவர் வீட்டில் இருந்தால், அந்த வீட்டில் சும்மா இருக்கிறவர் என்று யாரும் இருக்க முடியாது. உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருந்தால் நான் விளக்க வேண்டியதில்லை. சாப்பாட்டு மேசையில் தட்டு வைக்க இடமிருக்காது. "எப்ப முடியும்?" என்ற கேள்வியை விருந்தாளிகள் கேட்டுவிடாமல் நீங்கள்தான் வாசலிலேயே காவல் நிற்க வேண்டும்.

எங்கள் வீட்டில் அது ஃபிலோ அத்தை. அப்பாவின் தங்கை, அலோர் ஸ்டாரில் வக்கீல். பகலில் கோர்ட், மிச்ச நேரமெல்லாம் ஆராய்ச்சி. தலைப்பு, கெடா மாநிலக் கோர்ட்டுகளில் வேலை பார்த்த தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள். தமிழ் மட்டும் தெரிந்தவர் கூண்டில் நின்றால், அவர் சொல்வதை நீதிபதிக்கு மலாயில் சொல்கிறவர்கள். எஸ்பிஎம் பள்ளியிறுதிப் பரீட்சை எழுதிவிட்டு மெர்கோங் வீட்டில் நான் படுத்தே கிடந்தது அத்தைக்குப் பொறுக்கவில்லை. யார் பேசினாலும் அவர்களைப் போலவே பேசிக் காட்டுகிற வியாதி எனக்கு உண்டு. "காது நல்லா இருக்கில்ல, அதைப் பயன்படுத்து" என்று, பேட்டிகளைப் பதிவு செய்து எழுத்தில் இறக்குகிற வேலையில் போட்டுவிட்டார். சம்பளம் மூன்று வேளைச் சோறு. அது முன்பும் கிடைத்துக்கொண்டுதான் இருந்தது.

சேவலின் பங்களிப்பு

இந்த வேலைக்கு இரண்டு விதிகள். ஒன்று, பேட்டி கொடுக்கிறவர் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும், இல்லையென்றால் பதிவிலேயே வாயால் சம்மதம் சொல்ல வேண்டும். இரண்டு, பதிவில் கேட்கிற எதையும் விடாமல் எழுத வேண்டும். இருமல், பெருமூச்சு, மௌனம், எல்லாம்.

நான் விதியை மதிக்கிறவள். முதல் பேட்டியில் பக்கத்து வீட்டுச் சேவல் பதினான்கு முறை கூவியது. பதினான்கையும் நேரம் குறித்து, நீளக் கூவலா குட்டைக் கூவலா என்று அடைப்புக்குறிக்குள் எழுதினேன். அத்தை படித்துப் பார்க்காமலே, தன் ஆய்வுக்கு வழிகாட்டும் பேராசிரியருக்கு அனுப்பிவிட்டார். பேராசிரியர் சுத்தமான கெடா மலாய்க்கார அம்மா. மறுநாள் அத்தைக்குப் போன் செய்து, கொஞ்சமும் சிரிக்காமல், அந்தச் சேவல் கையெழுத்துப் போட்டுவிட்டதா என்று விசாரித்தார்: "ஆயாம் னி டா சைன் கா?"

ஜித்ராவில் ஒரு ஆட்டுத் திருட்டு

கோர்ட் மொழிபெயர்ப்பாளர் "அவர் இப்படிச் சொல்கிறார்" என்று சொல்லக் கூடாது. கூண்டில் இருப்பவர் "நான்" என்றால் இவரும் "நான்" என்றுதான் சொல்ல வேண்டும். அவர் வாய்க்குப் பதில் இவர் வாய், அவ்வளவுதான். என்னைப் போன்ற ஆளுக்கு இதைவிட நல்ல உத்தியோகம் உலகத்தில் இருக்க முடியாது என்று அன்றைக்கே நினைத்துக்கொண்டேன்.

ஜித்ராவில் நாங்கள் பேட்டி எடுத்த சரோஜா ஆன்டி இந்த வேலையில் சேர்ந்த புதிதில், மருமகள் கோர்ட்டில் என்னதான் செய்கிறாள் என்று பார்க்க அவருடைய மாமியார் வந்து பின் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். மாமியாருக்கு மலாய் நன்றாகத் தெரியும், கோர்ட் வழக்கம்தான் தெரியாது. கூண்டில் இருந்தவன் தமிழில் முணுமுணுத்தது அவர் காதில் விழவில்லை. மருமகள் நிமிர்ந்து நின்று, "நான்தான் அந்த ஆட்டைத் தூக்கிக்கொண்டு போனேன், வெட்டிச் சமைத்ததும் நான்தான்" என்று மலாயில் கணீரென்று சொன்னது மட்டும் விழுந்தது. அன்று மாலை வீட்டுக்குள் நுழைந்த ஆன்டியின் கையைப் பிடித்து உட்கார வைத்து, மாமியார் மிகவும் மெதுவாகச் சொன்னாராம்: "ஆட்டுக்கறி மேல அவ்வளவு ஆசைன்னா எங்கிட்ட சொல்லியிருக்கலாமே, தாயி."

பாத்திரம்

பேராசிரியரின் குரல் என் சேகரிப்பில் சேர ஒரு வாரம்தான் ஆனது. மாடியிலிருந்து கீழே இருக்கும் வீட்டுப் போனுக்கு அடித்து, அந்தக் குரலில் மலாயில் "தலைப்பை மாத்தணும்" என்பேன். அத்தை நாற்காலியை விட்டு எழுந்தே நின்றுவிடுவார். மூன்றாவது தடவைதான் கண்டுபிடித்தார்.

அதற்கு மறுநாள் உண்மையான பேராசிரியர் அதே போனில் கூப்பிட்டார். ஏற்கெனவே இரண்டு முறை கால நீட்டிப்பு கொடுத்தாகிவிட்டது, இந்த மாதக் கடைசிக்குள் ஆய்வேடு வரவில்லை என்றால் ஆறு வருட உழைப்பையும் மூட்டை கட்டிவிட வேண்டியதுதான் என்றார். அத்தை மலாயிலேயே, "சரி சரி, நீ முதல்ல போய் பாத்திரத்தைக் கழுவு" என்று சொல்லிவிட்டார். நான் அப்போது அவர் கண்ணுக்கு முன்னால் நின்று சோளச் சிப்ஸ் தின்றுகொண்டிருந்தேன். அத்தை என்னைப் பார்த்தார், போனைப் பார்த்தார். பிறகு பேராசிரியர் மலாயில் சொன்னார்: "பாத்திரம் கழுவியாச்சு. உன் அஞ்சாவது அத்தியாயம் எங்கே?"

சிடாம் கிரி வாசலில்

ஐந்தாவது அத்தியாயம் சவரிமுத்து அங்கிளிடம் இருந்தது. தோட்டத்து வழக்குகளில் வருடக்கணக்காக மொழிபெயர்த்தவர், ஓய்வுபெற்று சிடாம் கிரியில் இருக்கிறார். அவர் பேசாவிட்டால் அந்த அத்தியாயம் இல்லை, அது இல்லாவிட்டால் பட்டம் இல்லை.

அத்தை கெரெத்தாவை ஓட்டிக்கொண்டு, நிறுத்த நிழல் தேடிப் போனார். நான் மட்டும் படிவத்தோடு வாசலில் நின்றேன். "கையெழுத்தெல்லாம் போட மாட்டேன்லா, பாப்பா. வாயாலயே சம்மதம் சொல்றேன்" என்று ஆரம்பித்து அங்கிள் இரண்டு மூன்று வாக்கியம் சொன்னார். ஏதோ ஒரு கேஸ் வேண்டாம் என்றும் சொன்னார். அப்போது என் கவனமெல்லாம் உள்ளே பூனையைத் திட்டிக்கொண்டிருந்த அவர் மனைவியின் குரலில் இருந்தது. பதிவு செய்யும் பொத்தானை அழுத்தவே இல்லை. அத்தை வந்து "சம்மதம் வாங்கிட்டியா?" என்றார். "ஆச்சு" என்றேன். பிறகுதான் அழுத்தினேன். மூன்று மணி நேரம் அங்கிள் தங்கமாகப் பேசினார். புறப்படும்போது அவர் மனைவி சொன்னது: "எங்கிட்ட ஒரு வருஷம் பேசற பேச்சை இன்னிக்கே பேசி முடிச்சுட்டாரு. இனிமே நான் பூனைகிட்டதான் பேசணும்."

பத்து நொடி

வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்த பிறகுதான் பதிவில் சம்மதமே இல்லை என்பது தெரிந்தது. மாதம் முடிய ஒன்பது நாள். அத்தை கோர்ட்டில். எனக்கோ அங்கிளின் குரல் தொண்டையிலேயே இருந்தது. செருமுகிற செருமல் உட்பட. குளியலறையில் போய் நின்று, "நான் சவரிமுத்து. இந்த ஆராய்ச்சிக்கு என் முழு சம்மதத்தைத் தெரிவிச்சுக்கிறேன்" என்று பதிவு செய்து பேட்டிக்கு முன்னால் ஒட்டிவிட்டேன். மோசடி என்று அப்போது தோன்றவில்லை. அவர்தான் வாசலில் சம்மதம் சொன்னாரே, நான் அதைத் திருப்பிச் சொல்கிறேன், அவ்வளவுதானே என்று நினைத்தேன். உங்களில் இந்த மாதிரி வேலை செய்து நொந்தவர்களுக்கு அந்தக் கணக்கு புரியும்.

மாலையில் அத்தை கேட்டுவிட்டு நெகிழ்ந்து போனார். "இவர் மாதிரி எல்லாரும் தெளிவா சம்மதம் சொல்லியிருந்தா நான் எப்பவோ டாக்டர் ஆகியிருப்பேன்."

குருணைத் தாண்டும்போது

பதிவின் நகல் ஒன்றைப் பேட்டி கொடுத்தவருக்கும் அனுப்ப வேண்டும் என்று மூன்றாவதாக ஒரு விதி இருந்தது எனக்குத் தெரியாது. அத்தை அனுப்பிவிட்டார். இரண்டாம் நாள் அங்கிள் போன் செய்து, "நேர்ல வாங்க, அந்தப் பிள்ளையையும் கூட்டிட்டு வாங்க" என்றார். போனை வைத்துவிட்டார்.

நெடுஞ்சாலையில் குருண் ஊரைத் தாண்டும்போது எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், என் சொந்தக் குரலில். அத்தை திட்டுவார் என்று காத்திருந்தேன். வேகத்தைக்கூடக் கூட்டவில்லை. ஒரு லாரியை முந்தினார், இன்னொரு லாரியை முந்தினார். பிறகு சாலையைப் பார்த்தபடியே சொன்னார்: "நீ செஞ்சதுக்கு சட்டத்துல மூணு பேரு இருக்கு. எது பொருந்தும்னு யோசிச்சிட்டு வர்றேன், கொஞ்சம் பேசாம இரு."

வாசித்துக் காட்டல்

அங்கிள் அந்தப் பத்து நொடியைப் போட்டுக் காட்டினார். "நீங்கதானே பேசறீங்க" என்றார் அவர் மனைவி. "என் குரல்தான். ஆனா நான் பேசலை" என்றார் அங்கிள். நான் மன்னிப்புக் கேட்டேன். அத்தை பையிலிருந்து அந்த அத்தியாயத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். "ஐயா, நீங்க வேணாம்னா முழுசையும் எடுத்துடறேன். பேராசிரியர்கிட்ட நானே சொல்லிக்கிறேன்."

அங்கிள் அதைத் தொடவில்லை. என்னைத்தான் பார்த்தார். "வாசல்ல நான் என்ன சொன்னேன்? சொல்லு." காதில் விழுந்தது எனக்கு எப்போதும் மறக்காது, கவனிக்காமல் கேட்டிருந்தாலும். அவருடைய குரலிலேயே வந்தது: "வாயாலயே சம்மதம் சொல்றேன். எல்லாம் கேளுங்க. ரெண்டு வீடு தள்ளி இருக்கிறாங்களே, அவங்க மகன் கேஸ் மட்டும் எழுத வேணாம். அந்தம்மா தினமும் இந்தப் பக்கமாத்தான் நடந்து போறாங்க." அந்தக் கேஸையும் அங்கிள் மூன்றாவது மணி நேரத்தில் பேச்சு வேகத்தில் சொல்லியிருந்தார். அத்தியாயத்தில் அதுதான் பதினொரு பக்கம். "இந்தப் பதிவுல 'முழு'ங்கிறது எங்க இருந்து வந்துச்சு?" என்று மட்டும் அங்கிள் கேட்டார். அத்தை பேனாவை எடுத்து, பதினொரு பக்கத்தையும் குறுக்கே அடித்தார்.

வாக்குமூலம் எழுதினால், கொடுத்தவருக்கு அதை வாசித்துக் காட்டிய பிறகுதான் கையெழுத்து. அங்கிள் வேலை பார்த்த காலமெல்லாம் அதுதான் விதி, ஆனால் எல்லாரும் அதைப் பார்க்கவில்லை. வாசிக்காத தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு கூண்டில் விழித்தவர்களைத் தினம் தினம் பார்த்ததால்தான் அவருக்குப் படிவம் என்றாலே ஆகாது. "இப்ப வாசி. என் குரல்லயே வாசி, எங்க தப்புன்னு எனக்கு உடனே தெரியும்" என்றார். மத்தியானம் பூராவும் வாசித்தேன். நான்கு இடத்தில் நிறுத்தித் திருத்தினார், ஒரு செருமலையும் நீக்கச் சொன்னார். முடிந்ததும் பேனாவை வாங்கிப் படிவத்தில் கையெழுத்துப் போட்டார். அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணாடியைத் துடைத்தார். மாதம் முடிய மூன்று நாள் இருக்கும்போது ஆய்வேடு போய்ச் சேர்ந்தது, வாய்மொழித் தேர்வுக்குத் தேதியும் வந்துவிட்டது. வாசித்த அன்று கிளம்பும்போது அங்கிளின் மனைவி என் கையில் ஒரு பை வாழைப்பழத்தைக் கொடுத்துச் சொன்னார்: "அடுத்த வாரமும் வந்துடுலா, பாப்பா. இவரு பேசறதை விட நீ இவரா பேசறதைக் கேக்கத்தான் நல்லா இருக்கு."

மொத்தத்தில் நான் கண்டது, ஒருவரைப் போலப் பேச ஒரு நாள் பழகினால் போதும், அவர் பேசியதை மட்டும் பேசுவதற்குத்தான் ஆறு வருடமும் இரண்டு கால நீட்டிப்பும் ஆகிறது.