பன்னிரண்டு மரக்கால் வயல்

தேவிபட்டினத்துக்கு மேற்கே இருக்கும் எங்கள் வயலுக்குப் 'பன்னிரண்டு மரக்கால் விதைப்பாடு' என்று பெயர். ஜமீன் காலத்தில் நிலம் எத்தனை மரக்கால் விதை பிடிக்கிறதோ அதுதான் அளவு. அந்த அளவுக்குத்தான் தீர்வை. அய்யா சாகும்போது, "ஆளுக்கு ஆறு மரக்கால்" என்று எனக்கும் அக்காவுக்கும் வாயாலேயே பிரித்துவிட்டுப் போனார்.

அக்கா வாலிநோக்கத்தில் வாக்கப்பட்டவள். மாமா போனபிறகு அவளுக்கு உப்பளமே கதி. போன புரட்டாசியில் பாதமெல்லாம் வெடித்துப்போய் வந்து நின்றாள்.

"இனிமே என்னால உப்பு வார முடியாதுலே. என் பங்கை விடு, இங்கனயே கெடந்துக்கிறேன்."

தராமல் எங்கே போகிறேன்? சர்வேயரைக் கூட்டிவந்தேன். அவர் சென்ட்டில் சொன்னதை அக்கா மரக்காலாக மாற்றிப் பார்த்தாள். எட்டுதான் வந்தது.

"மிச்சம் நாலு எங்கலே? எவனுக்கும் வித்துத் தின்னுட்டியா?"

வந்ததே எனக்குக் கோபம்! வருஷா வருஷம் நான் விதைப்பதும் எட்டுதான். பெயர் என்னவோ இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டிருந்தேன். அந்தக் காலத்தில் ஜமீன் ஆள் வேண்டுமென்றே நெருக்கி விதைத்து, பன்னிரண்டு என்று தீர்வை போட்டுவிட்டதாக அய்யா சொல்லியிருக்கிறார். பங்கு பிரிக்கும்போது மட்டும் பழைய பெயர்க் கணக்கையே சொல்லிவிட்டுப் போய்விட்டார். இதையெல்லாம் சொன்னேன்.

"நல்லாக் கதை விடுறே" என்றாள். அன்று என் வீட்டில் கை நனைக்கவில்லை. கூடப் பிறந்தவள் திருடனைப் பார்ப்பதுபோல் பார்த்தால் மனுஷன் எப்படித் தாங்குவது? அலுத்துப்போய்விட்டது.

"சரிக்கா, நீயே உன் கையால விதை. பன்னெண்டும் போகுதா பாப்போம்."

மறுநாள் காலையில் உழுத புழுதியில் இறங்கினாள். நெருக்கி வீசியிருந்தால் பன்னிரண்டும் போயிருக்கும். அவள் அப்படி வீசவில்லை. எட்டாவது மரக்காலோடு கடைசி வரப்புக்கு வந்துவிட்டாள். மிஞ்சிய நெல்லுக்குப் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்தாள்.

"அடப்பாவிகளா, இல்லாத நெலத்துக்கா தாத்தன் தீர்வை கட்டுனாரு?"

கொஞ்ச நேரம் கழித்துச் சேலையைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். "நாலு மரக்கால்ல ஒரு வயிறு நெறையாது. நீயாவது முழுசா வச்சுக்க. நான் உப்பளத்துக்கே போறேன்லே."

"உக்காருக்கா. அய்யா உனக்கு எவ்வளவு சொன்னாரு?"

"ஆறு."

"அப்ப ஆறை எடுத்துக்க."

"உனக்கு?"

"எனக்கும் ஆறுதான். ரெண்டு நெலமா இங்கன கெடக்கு. மிச்ச நாலை ஜமீன்கிட்டத்தான் கேக்கணும்."